இரண்டாவது டிஸ்க்கில் இருந்த டிசம்பர்

ஜூலை 3, 2024, புதன்

"ஒரே வகுப்புக்குள்ள ரெண்டு டீச்சர் வந்துட்டா, நாங்க யாரு சொல்றதக் கேக்கறதுங் டீச்சர்?" என்று ஏழாம் வகுப்பில் ஒருத்தி என்னைக் கேட்டாள். டைம்டேபிள் குளறுபடியில் நானும் வரலாற்று டீச்சரும் ஒரே பீரியடுக்கு ஒரே வாசலில் நின்றிருந்தோம். "யார் முதலில் சாக்பீஸை எடுக்கிறாரோ அவர் சொல்வதை" என்றேன். வகுப்பு சிரித்தது. முப்பது வருஷமாவது ஆகியிருக்கும். இன்று அது ஞாபகம் வந்ததற்குக் காரணம், எங்கள் வீட்டுக் கணினிக்குள் இரண்டாவதாக ஒரு ஹார்ட் டிஸ்க் வரப்போகிறது.

காலையில் குமரகுரு வந்தான். என்னிடம் படித்தவன், இப்போது பள்ளி நூற்றாண்டு மலர்க் குழுவின் செயலாளர். பழைய லேப் கணினிகளையெல்லாம் இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்களாம். ஒரே ஒரு டிஸ்க்கை மட்டும் கழற்றி நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தான். மேலே ஸ்கெட்ச் பேனாவில் 'லேப் 1' என்று எழுதியிருந்தது.

"2006ஆம் வருஷத்து ஆண்டு மலர் மேட்டரெல்லாம் இதுலதான் இருக்குதுங் டீச்சர். அச்சடிச்ச புக்கு ஒண்ணுகூடக் கிடைக்கல. உங்க வீட்ல அந்தக் காலத்து மெஷின் இன்னும் ஓடுதாமா?"

"ஓடுது. அதையும் என்னையும் ஒரே சமயத்துலதான் நிறுத்தோணும்."

மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும், பழைய ஆசிரியர்கள் பட்டியலையும் சரிபார்க்க வேண்டும் என்றான். பட்டியலில் ஒரு இடம் காலியாக இருந்தது. "அந்தக் கொஸ்டின் பேப்பர் டீச்சர் பேரப் போடோணுங்களா?" என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவன் கேட்டது இந்திராணியை. 2006இல் கணினி டீச்சர். பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த ஆள், நிரந்தரம் கிடையாது. அரையாண்டுக் கேள்வித்தாள் வெளியான விவகாரத்தில் வேலையை விட்டுப் போனாள். விவரம் எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை.

ஜூலை 4, வியாழன்

கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். வீட்டுக்காரர் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்தவர். திருப்புளி பிடிப்பதில் அவருக்கு நிகரில்லை. பேச்சை நிறுத்துவதிலும் நிகரில்லை, ஏனென்றால் நிறுத்தவே மாட்டார்.

"என்ன அம்மணி, கோழி அறுத்தாப்புல எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டிருக்கற?"

"பேசாம அந்தப் பட்டை ஒயரப் பிடிங்க."

பட்டையான ஒயர் ஒன்றில் இரண்டு கொக்கிகள். ஒன்றில் எங்கள் டிஸ்க், மற்றதில் லேப் டிஸ்க். சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: டிஸ்க்கே இல்லை என்கிறது. ஒன்று இருந்தபோது தெரிந்தது, இரண்டு இருக்கும்போது ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம் வரும் கணக்கை முப்பத்தாறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

மதியம் கீரை ஆய்ந்தேன். மூளை அதிலேயே இருந்தது.

ஜூலை 6, சனி

சம்சுதீனுக்கு போன் போட்டேன். பஜாரில் கணினி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எங்கள் கணினியும் பள்ளி லேப் கணினிகளும் அவன் கடையில் வாங்கியவைதான்.

"ரெண்டுமே நான்தான் பெரிய ஆளுன்னு சண்டை கட்டுதுங் டீச்சர். டிஸ்க்குக்குப் பின்னாடி சின்னதா ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்கும் பாருங்க. லேப் டிஸ்க்ல மட்டும் அதப் பிடுங்கிப் பக்கத்துல மாத்திச் சொருகுங்க. நீ ரெண்டாவதுன்னு அதுக்குத் தெரியோணும்."

ஒரு வகுப்பில் இரண்டு லீடர் பேட்ஜ் கொடுத்தால் நடப்பதுதான் இது. இருவரும் 'எல்லாரும் உக்காருங்க' என்று கத்துவார்கள், யாரும் உட்கார மாட்டார்கள். தொப்பி கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. புருவ முடி பிடுங்கும் இடுக்கியால் எடுத்து மாற்றினேன். இரண்டும் தெரிந்தன.

ஆனால் லேப் டிஸ்க்கில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் எறும்பு மாதிரி ஊர்கின்றன. தமிழில் அடித்தது இப்படி ஆகுமா? மறுபடி சம்சுதீன்.

"அது பழைய டைப்பிங் புரோகிராம்ங். உங்க டிஸ்க்ல இருந்து கெளப்புனா வேலைக்காவாது. மெஷினையே அந்த லேப் டிஸ்க்ல இருந்து கெளப்புங்க, புரோகிராமும் சேந்து எந்திரிக்கும்."

"அதை எப்படிப்பா கிளப்பறது?"

"திங்கக்கிழமை சொல்றனுங். கடையில ஆள் நிக்கறாங்க."

ஜூலை 8, திங்கள்

பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று கொடுக்கும் மாதம். உயிரோடு இருக்கிறேன் என்று கட்டைவிரல் வைத்துச் சொல்ல வேண்டும். தளி ரோட்டில் ஐந்து நிமிஷ நடையில் ஒரு இ-சேவை மையம் இருக்கிறது. நான் எப்போதும் பஸ் ஏறி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ளதற்குத்தான் போவேன். அங்கே நாற்காலி நன்றாக இருக்கும்.

வீட்டுக்காரர் கேட்டார்: "பக்கத்துல வெச்சுட்டு எதுக்கு அம்மணி வருஷா வருஷம் ஊரச் சுத்தற?"

நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஜூலை 9, செவ்வாய்

கிளம்பிவிட்டது.

சுவிட்சைப் போட்டவுடன் டெலீட் பொத்தானை விடாமல் தட்ட வேண்டும். நீலப் பக்கம் ஒன்று வரும். அதில் எந்த டிஸ்க் முதலில் என்று ஒரு வரிசை. லேப் டிஸ்க்கை மேலே ஏற்றினேன். புது இடத்துக்கு வந்த பிள்ளை மாதிரி அது கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தது, ஏதேதோ புதிதாகக் கண்டதாகச் சொன்னது. பிறகு திரை விரிந்தது. மஞ்சள் பூ படம். கீழே 'லேப் 1'.

எங்கள் வீட்டு மேஜை, எங்கள் வீட்டுத் திரை, எங்கள் வீட்டு எலிப்பொறி மாதிரி சத்தம் போடும் விசிறி. ஆனால் அது பள்ளியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

குழப்பம் எனக்குத்தான். நேற்று வரை C என்றால் எங்கள் டிஸ்க். இன்று இது தன்னை C என்கிறது, எங்கள் டிஸ்க்கை D என்கிறது. எங்கள் பேத்தியின் பிறந்தநாள் படங்கள் D-யில் விருந்தாளி மாதிரி நிற்கின்றன. எதையாவது அழித்துவிடுவேனோ என்று பயந்து ஒரு தாளில் 'இன்று C = பள்ளி, D = வீடு' என்று எழுதித் திரையில் ஒட்டினேன். மூலையில் மட்டும் இன்றைய தேதி சரியாக இருந்தது. அதைப் பார்த்து நிம்மதி.

கோப்புகள் தமிழில் திறந்தன. எழுத்தெல்லாம் கோணாமல், ஓரம் சரியாக விட்டு. இந்திராணி அடித்தால் அப்படித்தான் இருக்கும். அவள் அடித்த கேள்வித்தாளில் பின்னக்கோடுகூட வளையாது.

ஜூலை 10, புதன்

ஆண்டு மலர் மேட்டரைத் தேடும்போது 'இரங்கல்' என்று ஒரு கோப்பு. பி.டி. மாஸ்டர் தேவசகாயத்துக்கானது. விளையாட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். "நேற்று, டிசம்பர் 5 அன்று, நம்மை விட்டுப் பிரிந்த" என்று அதில் எழுதியிருக்கிறது. மறுநாள் கூட்டத்தில் அதை வாசித்ததே நான்தான்.

கோப்பின் தேதி நவம்பர் 30.

மூன்று தரம் பார்த்தேன். மனிதர் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பே இரங்கல் அடித்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பழைய செய்திய எடுத்துப் பேர மாத்தி அடிச்சிருப்பாங்க" என்றார். அப்படியானால் தேதி பிந்தியதாக அல்லவா இருக்க வேண்டும்? முந்தியிருக்க முடியாதே. "அப்ப அந்தப் புள்ளைக்கு ஜோசியம் தெரியுமாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார்.

ஜூலை 11, வியாழன்

ஒன்றும் புரியவில்லை. ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

ஜூலை 13, சனி

நாற்பது வருஷமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். பரணில் இருந்து 2006ஐ எடுத்தேன். நடந்த பிறகுதான் எழுத முடியும் என்ற மாதிரிக் கோப்புகளாகப் பொறுக்கினேன்: போட்டி முடிவுகள், கூட்டத் தீர்மானங்கள். உண்மைத் தேதி என் நோட்டில், மற்றது டிஸ்க்கில்.

விளையாட்டு விழா செப்டம்பர் 8. முடிவுகள் அன்று மாலையே பலகையில் ஒட்டப்பட்டன. டிஸ்க் சொல்வது செப்டம்பர் 7. தீபாவளி கழிந்து பெற்றோர் கூட்டம் அக்டோபர் 26, டிஸ்க்கில் 23. குழந்தைகள் தினப் பரிசுப் பட்டியல் நவம்பர் 14, டிஸ்க்கில் 10. இரங்கல் டிசம்பர் 6, டிஸ்க்கில் நவம்பர் 30.

ஒன்று, மூன்று, நான்கு, ஆறு. வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் ஏறிக்கொண்டே போகிறது. அடுத்தது என்ன என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

நோட்டில் டிசம்பர் 21ஆம் தேதிப் பக்கம் வந்தது. அது இந்தக் கணக்குக்குத் தேவையில்லை என்று மூடிவைத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

சம்சுதீன் வீட்டுக்கே வந்தான். காபி கொடுத்து வரைபடத்தைக் காட்டினேன். பார்த்த உடனே சொல்லிவிட்டான்.

"பேட்டரிங் டீச்சர். உள்ள காசாட்டம் வட்டமா ஒண்ணு இருக்கும். அது வீக்காயிருச்சுன்னா, கரண்டு இருக்கறப்ப கடிகாரம் நல்லா ஓடும். சுவிட்ச நிறுத்துனா சில ராத்திரி அதுவும் கொஞ்ச நேரம் தூங்கிரும். மறுக்கா போட்டா விட்ட எடத்துல இருந்து ஓட ஆரம்பிக்கும்."

லேப்பில் தினமும் சாயங்காலம் வாட்ச்மேன் மெயினையே நிறுத்திவிடுவார். தீபாவளி லீவுக்குப் பிறகு இடைவெளி ஏன் கூடியது என்பது விளங்கியது.

"அந்தக் கடிகாரம் டிஸ்க்கிலயா இருக்குது?"

"இல்லீங். மெஷின்ல. டிஸ்க்கு வெறும் நோட்டுங். கடிகாரம் என்ன தேதி சொல்லுதோ அத எழுதி வெச்சுக்கும். நோட்ட எங்க தூக்கிட்டுப் போனாலும் எழுதுனது எழுதுனதுதான்."

காபியைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "இந்திராணி மேடம் அப்பவே பேட்டரி மாத்தச் சொல்லி லெட்டர் குடுத்துச்சுங்களே. ஒண்ணில்ல, மூணு. பெரிய சாரு கையெழுத்துப் போடலீங். அன்னைக்கு டிஸ்க்கக் கழட்டி ஆபீஸ் மெஷின்ல மாட்டுனது நான்தான? நீங்களும் இருந்தீங்களே?"

இருந்தேன். அவன் போன பிறகு, ஞாபகம் இல்லை என்று முதல் நாள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இப்போது எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புக் கணக்குக் கேள்வித்தாளை நான்தான் எழுதினேன். நல்ல பிரதியைக் கவரில் போட்டு ஒட்டி, டிசம்பர் 8 அன்று இந்திராணியிடம் கொடுத்தேன். தேர்வு 20ஆம் தேதி. அதற்கு முந்தின நாள் மாலைதான் கவரைப் பிரித்து அடிக்க வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். தேர்வன்று, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ட்யூஷன் சென்டரில் அதே கேள்விகள் ஜெராக்ஸ் தாளில் ஒரு வாரமாக உலவியது தெரிந்தது. மறுநாள் விசாரணை. தலைமை ஆசிரியர், நான், இன்னொருவர். லேப் கணினியை யாரும் தொட்டுவிடக் கூடாது, டிஸ்க்கைக் கழற்றி ஆபீஸ் கணினியில் இரண்டாவதாக மாட்டிப் பார்ப்போம் என்று யோசனை சொன்னது நான். கேள்வித்தாள் கோப்பின் தேதி டிசம்பர் 12 என்று வந்தது. கவரை ஒரு வாரம் முன்பே பிரித்துவிட்டாள் என்பது முடிவாயிற்று.

"லேப் மெஷின்ல கடிகாரம் சரியில்லீங் டீச்சர்" என்று அவள் சொன்னாள். நான் ஆபீஸ் கணினித் திரையின் மூலையைக் காட்டி, "தேதி சரியாத்தானம்மா இருக்குது" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த மூலையில் இருந்தது ஆபீஸின் கடிகாரம். லேப்பின் கடிகாரத்தை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

19இல் 12 போனால் ஏழு. வரைபடத்தில் அடுத்த புள்ளி அங்கேதான் விழுகிறது.

கையெழுத்துப் போட்டவர்களில் மற்ற இருவரும் இப்போது இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

மகன் சசிதரன் பெங்களூரிலிருந்து பேசினான். பேத்திக்கு ஸ்கூலில் டிராயிங் பரிசாம். நான் சும்மா பேச்சுவாக்கில், "பத்தாவது அரையாண்டுல கணக்குல நீ எவ்வளவுடா வாங்கினே?" என்று கேட்டேன்.

"எதுக்கும்மா இப்ப?"

"பழைய மெஷின நோண்டிக்கிட்டு இருக்கேன். ஞாபகம் வந்துச்சு."

"அம்மா, அப்ப எனக்குப் பதினஞ்சு வயசும்மா" என்றான். பிறகு மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

நான் மார்க்குதான் கேட்டேன். சாப்பாட்டு மேஜை மேலேயே கிடக்கும் என் ரஃப் நோட்டைப் பற்றியோ, அவன் சாயங்காலம் போய்வந்த ட்யூஷனைப் பற்றியோ வாயே திறக்கவில்லை.

அவன் அந்தத் தேர்வில் தொண்ணூற்றெட்டு. முழு ஆண்டில் எழுபத்தொன்று.

ஜூலை 17, புதன்

டிஸ்க்கைத் திரும்பக் கொடுத்துவிடலாம், மலர் மேட்டர் கிடைத்துவிட்டது, காப்பி எடுத்தாயிற்று என்று காலையில் முடிவு செய்தேன். மதியம் மாற்றிக்கொண்டேன். சாயங்காலம் குமரகுரு போன் செய்து, "லிஸ்ட் என்னாச்சுங் டீச்சர்? அந்தப் பேரு?" என்றான். நாளை மறுநாள் என்றேன்.

ஜூலை 19, வெள்ளி

வரைபடத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு தளி ரோட்டுக்கு நடந்தேன். ஐந்து நிமிஷம்தான். பதினேழரை வருஷமாக நடக்காத ஐந்து நிமிஷம்.

அந்த இ-சேவை மையம் ஒரு சின்னக் கடை. எட்டுப் பேர் காத்திருந்தார்கள். இந்திராணிக்குக் காதோரம் நரைத்துவிட்டது. கண்ணாடி போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் விரல்கள் விசைப்பலகையில் ஒரு கணம் நின்று, பிறகு ஓடின.

"வாங்க டீச்சர். டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க."

ஒன்பதாம் எண். உட்கார்ந்தேன். முன்னால் இருந்த பெரியவரிடம் அவள் பேசிக்கொண்டிருந்தாள்: "ஐயா, வெரல நல்லா அழுத்துங். பயப்படாதீங்க, மெஷின் கடிக்காது." அவர் பணிவாக அழுத்திவிட்டுக் கேட்டார், "ஏனம்மா, நீதான அந்தப் பள்ளிக்கூடத்துக் கொஸ்டின் பேப்பர் டீச்சரு?"

"ஆமாங்கய்யா. அடுத்த வெரலு."

கோபமே இல்லாமல் சொன்னாள். ஆதாரில் பிறந்த தேதியைச் சொல்வது மாதிரி.

என் முறை வந்தது. வரைபடத்தை அவள் முன்னால் விரித்து, பேட்டரியைப் பற்றியும் இரங்கல் கோப்பைப் பற்றியும் சொன்னேன். வகுப்பில் சொல்வது மாதிரி, ஒவ்வொரு புள்ளியாக. அவள் விரலால் தொட்டு எண்ணினாள்.

"ஒண்ணு, மூணு, நாலு, ஆறு, ஏழு. சரியாப் போட்டிருக்கீங்க. கணக்குல நீங்க எப்பவும் கரெக்டுங் டீச்சர்."

"நான் தப்புப் பண்ணிட்டேன் இந்திராணி. இதை உன் கையில குடுக்கோணும்னு வந்தேன்."

"எனக்கெதுக்குங்? நான் கவர எப்பப் பிரிச்சேன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்களுக்குக் குடுங்க."

தாளை மடித்து என் பக்கம் தள்ளினாள். பத்தாம் எண்காரர் இருமினார். நான் எழுந்திருக்கப் போனேன்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா? ட்யூஷன் சென்டர்ல இருந்து பிடிச்ச ஜெராக்ஸ் தாளு, அன்னைக்கு மேசை மேல இருந்துச்சுல்ல? அதுல ஏழாவது கணக்கு. முக்கோணத்துக்குப் பக்கம் அஞ்சு, ஆறு, பன்னண்டுன்னு இருந்துச்சு. அப்படி ஒரு முக்கோணம் வரையவே முடியாதே? ரெண்டக் கூட்டுனா மூணாவதவிடப் பெருசா இருக்கோணும். நீங்க சொல்லிக் குடுக்கறதுதான? நீங்க கவர்ல குடுத்த தாள்ல பன்னண்டு இல்லீங். பத்துன்னு இருந்துச்சு. அதப் பாத்துத்தான் நான் அடிச்சேன்."

நான் வரைபடத்தைக் கைப்பைக்குள் வைத்தேன்.

"ஜெராக்ஸ் நான் அடிச்ச தாள்ல இருந்து போகல. நீங்க திருத்தறதுக்கு முன்னாடி எழுதுனதுல இருந்து போயிருக்குது. எனக்கு அன்னைக்கு ராத்திரிதான் வெளங்குச்சு. வந்து சொன்னா யாரு கேப்பா? ஆனா நீங்க கணக்கு டீச்சரு. பன்னண்ட நீங்க பாக்கலீங்களா?"

"கூட்டமா இருக்குதும்மா. இன்னொரு நாள் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 20, சனி

பார்த்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

2006 நோட்டில் டிசம்பர் 21ஐத் திறந்தேன். "விசாரணை முடிந்தது. டிஸ்க்கில் தேதி தெளிவாக இருந்தது. மனசு நிம்மதி" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. ஒரு பெண் அழுதுகொண்டே போன நாளில் எனக்கு எதற்கு நிம்மதி என்று இதைப் படிக்கும் யாரும் கேட்பார்கள்.

அஞ்சு, ஆறு, பன்னண்டு என்று அந்த ஜெராக்ஸில் பார்த்த நொடியில், அதைத் திருத்தாமல் விட்ட என் ரஃப் நோட்டு, சாப்பாட்டு மேஜை, சசியின் முதுகுப்பை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அதற்குள் சம்சுதீன் திரையில் டிசம்பர் 12 என்று காட்டினான். இரண்டு டிஸ்க் மாட்டிய கணினிக்கு எதிலிருந்து எழுந்திருப்பது என்று ஒரு வரிசை வேண்டும், அதை யாரோ ஒருவர் அமைக்க வேண்டும். என் கண் முன்னே இரண்டு சாட்சிகள் இருந்தன. எதை மேலே ஏற்றுவது என்று நான்தான் அமைத்தேன். தேதியை மேலே ஏற்றினேன்.

மூன்று வாரமாக இந்த நோட்டில் குழப்பம், புரியவில்லை என்று எழுதி வந்திருக்கிறேன். பேட்டரி நிஜமாகவே புரியவில்லை. மற்றது புரியாமல் இல்லை.

எல்லாவற்றையும் மலரில் எழுதப்போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பையன் பேரு வருமே அம்மணி" என்றார்.

"அந்தப் புள்ள பேரு பதினேழு வருஷமா வருதே."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது குறைவு.

ஜூலை 22, திங்கள்

சசிக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் மலரில் எழுதப்போகிறேன் என்றேன். கத்தினான். "என்ற ஆபீஸ்ல அந்த ஸ்கூல் ஆளுங்க ஆறு பேரு இருக்காங்கம்மா!" என்றான். வைத்துவிட்டான். சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"அவங்க கடை எந்த ரோட்ல இருக்குது?"

சொன்னேன். "சரி" என்றான். போவானா என்று எனக்குத் தெரியாது. அவன் குரலில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூலை 24, புதன்

குமரகுரு வந்தான். கட்டுரைக்குப் பதில் இந்த நாட்குறிப்புப் பக்கங்களைக் கொடுத்தேன். நின்றபடியே படித்து, உட்கார்ந்து படித்து, தண்ணீர் கேட்டான்.

"டீச்சர், நூற்றாண்டு மலருங். மந்திரி வாழ்த்துரையெல்லாம் வருது. இது எதுக்குங்? நான் வேணும்னா அவங்க பேர லிஸ்ட்ல சேத்தர்றேன். கமுக்கமா."

"கமுக்கமாப் போன பேரு இல்லடா அது. பிரேயர்ல நிக்க வெச்சுச் சொல்லி அனுப்பிச்சோம். நீயும் அந்த வரிசையில நின்னே."

"நின்னனுங்." தலையைக் குனிந்துகொண்டான். "அங்கங்க நீங்க மழுப்பியிருக்கீங்களே, ஞாபகமில்ல, நாற்காலி நல்லாருக்கும்னு. அந்த வரியெல்லாம் எடுத்தரலாங்களா?"

வேண்டாம் என்றேன். கணக்கில் விடை மட்டும் எழுதினால் நான் மார்க் போட்டதில்லை, அடித்துத் திருத்திய வழியும் தாளில் இருக்க வேண்டும். இதையும் அப்படியே அச்சிடட்டும். இல்லாவிட்டால் என் பெயரையும் பட்டியலில் இருந்து எடுத்துவிடட்டும்.

மாலை தளி ரோட்டுக்குப் போய் இந்திராணியிடம் ஒரு பிரதி கொடுத்தேன். கடை அடைக்கும் நேரம். நின்றுகொண்டே கடைசிப் பக்கம் வரை படித்தாள். "சனிக்கிழமை எழுதுனது ஒரே வரிதானுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தாள்களை அவளே ஸ்டேப்லர் போட்டு மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. ஷட்டரை இழுக்க ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன்.

மலரைப் படிக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த தடவை தளி ரோட்டுப் பக்கம் போனால், அந்தக் கடை வாசலில் நின்று, உள்ளே இருப்பவரை "இந்திராணி டீச்சர்" என்று கூப்பிட்டுப் பாருங்கள்.